தோட்டத்துப் படங்களை எங்கே வைப்பது?

கேள்வி: ஐயா, ரந்தாவ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயங்களும் இல்லை. பழைய குடும்பங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறோம். படங்களையும் கதைகளையும் முகநூலுக்கோ டிக்டாக்குக்கோ மாற்றலாமா?
— வாசகர், சிரம்பான்

பதில்: பேசிக்கொள்ளப் புலனமே போதும். ஆனால், அதைப் பெட்டகமாக நம்பாதீர்கள். படங்கள் அவரவர் கைப்பேசியில்தான் தங்குகின்றன. காப்பு எடுக்காத கைப்பேசி தொலைந்தால் படமும் போனதுதான். சாதாரணமாக அனுப்பும் படத்தின் தெளிவும் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் குறையாது. மூலப்படங்களுக்கு வன்தட்டில் ஒரு பிரதி, கூகல் டிரைவில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

சிதறிப்போனவர்களைத் தேட முகநூல் நல்லது. டிக்டாக் பேரப்பிள்ளைகளைச் சேரும், அவ்வளவே.

எனக்குப் பெரிதாகப் படுவது எழுத்து. பிரட்டுக்களத்தில் நிற்பவர் யார், எந்த ஆண்டு என்று படத்தோடு தமிழிலேயே எழுதுங்கள். யூனிகோடில் எழுதியதைப் பத்தாண்டு கழித்தும் ஒரு சொல்லைத் தட்டித் தேடி எடுக்கலாம். குரல் பதிவில் அது எளிதல்ல. நம் மலேசியர் முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை 1985-இல் தொடங்கினார். 2005-இல் செல்லினம் என்ற செயலி மூலம் தமிழ் எழுதும் வசதியைக் கைப்பேசிக்கே கொண்டுவந்தார். ஆகவே கருவி இல்லை என்று சொல்ல நமக்கு இடமில்லை. பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்களிடம் இந்த மாதமே போய்க் கேட்டு எழுதிவிடுங்கள்.