உருகாமலே உடையும் சிலிக்கான்

கேள்வி: சிலிக்கான் 1414 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் ஆக்சைடு மேல் இருக்கும் மெல்லிய சிலிக்கான் படலம் 900 டிகிரிக்குள்ளேயே துண்டு துண்டாகிவிடுகிறதாமே, எப்படி?

பதில்: உருகத் தேவையே இல்லை. திடநிலையிலேயே மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கினால் போதும். ஆக்சைடின் மேல் பரந்து கிடப்பதைவிடத் திட்டுகளாகத் திரள்வதில் சிலிக்கானுக்கு மொத்த ஆற்றல் குறைவு. சூடு அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

சேதம் பெரும்பாலும் விளிம்பிலோ ஊசிமுனைத் துளையிலோ தொடங்கும். அங்கே வளைவு அதிகம். அதனால் அணுக்கள் விளிம்பிலிருந்து படலத்தின் உள்நோக்கி நகர்ந்து வயல் வரப்புபோல் குவிகின்றன. துளை அகல அகல வரப்பும் தடிக்கும். பிறகு அது நிலைகுலைந்து விரல் விரலாகப் பிரியும். விரல்கள் அறுந்தால் மிஞ்சுவது தட்டையான முகங்கள் கொண்ட நுண்படிகங்கள். நீர்த்துளிபோல் உருண்டையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். படிக அமைப்பு அதை விடாது.

படலம் மெலிய மெலிய இது குறைந்த வெப்பத்திலேயே நடக்கும். 10 நானோமீட்டர் அளவில் தொல்லை அதிகம். மேலே மெல்லிய ஆக்சைடு மூடியிருந்தால் அணுக்கள் நகர முடியாது. அந்த மூடி இல்லாமல் வெற்றிடத்திலோ ஹைட்ரஜனிலோ சூடாக்கும்போதுதான் ஆபத்து. சிப் தயாரிப்பவர்களுக்குத் தலைவலியான இதையே சில ஆய்வாளர்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள்: முன்கூட்டியே கோடுகளைச் செதுக்கிவிட்டால், திட்டுகள் வரிசையாக அமைகின்றன.