பறவை பார்க்க எங்கே போவது?

மேடவாக்கத்தில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பறவை பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறாள். வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டுமா? பைனாகுலர் அவசியமா?
– வாசகி, சென்னை

வீட்டுப் பக்கத்திலேயே ஆரம்பியுங்கள் அம்மா. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நடந்துகொண்டே இருக்காமல் ஓரிடத்தில் நின்றால் அவை தாமாகவே கிட்டே வரும். நீலத் தாழைக்கோழியை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். சிவந்த அலகால் கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் கை மாதிரிப் பற்றிக்கொண்டு கடித்துத் தின்னும். இதைப் பார்க்கப் பைனாகுலரே வேண்டாம்!

ஆசை நிலைத்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று 16 மடங்கு வாங்கினால் பிள்ளை கையில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

வேடந்தாங்கலை டிசம்பர், ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் போங்கள். இரை தேடப் போன நாரைகள் கூட்டம் கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும் நேரம் அது.