வீட்டிலிருந்தே வேலையா? கூலி பேசும்போது உடம்பையும் கணக்கில் சேருங்கள்!

இடுப்பு வலி, நீர்க்கடுப்பு, கை மரத்துப் போவது என்று வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?" என்பதுதான். "வேலையா? வீட்லதான் சும்மா இருக்கேன் வைத்தியரய்யா" என்பார்கள். நாடியைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். ஒருவர் பீடி சுற்றுகிறார். ஒருவர் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறார்.

2020-ல் கொரோனா வந்த பிறகுதான் 'வீட்டிலிருந்தே வேலை' என்ற பேச்சு நகரங்களில் பரவியது. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இது பல தலைமுறைப் பழக்கம். அன்றைக்கும் இன்றைக்கும் குறை ஒன்றுதான். வேலை கிடைத்தால் போதும் என்று, பேச வேண்டியதைப் பேசாமல் ஒப்புக்கொண்டு விடுகிறோம். பேசாமல் விட்டதற்கெல்லாம் பிறகு உடம்புதான் வட்டி கட்டுகிறது. ஆகவே மருந்து சொல்வதற்கு முன்னால் வேலையைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் பேச்சு வீட்டுக்குள்ளே

வேலை தேடுவதற்கு முன் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் நாளை எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சமையல் எப்போது முடிந்தது, பிள்ளைகள் எப்போது வந்தார்கள் என்று. யாரும் கூப்பிடாத நேரம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பலருக்கு நாலு மணி நேரம்கூடத் தேறாது. எட்டு மணி நேர வேலையை அதற்குள் திணித்தால் மிச்சம் தூக்கத்திலிருந்துதான் போகும்.

அந்த நோட்டைக் கணவரிடமும் மாமியாரிடமும் காட்டிப் பேசுங்கள். "பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நான் வேலையில் இருப்பேன். அந்த நேரம் காபி கேட்டு வர்றவங்களை நீங்க பார்த்துக்கிடணும்" என்று நயமாகச் சொல்லுங்கள். இது சண்டையல்ல, ஏற்பாடு. இந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் அதே வேலை இரவு பதினொரு மணிக்கு நடக்கும்.

எங்கே தேடுவது?

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். முன்பு வேலை பார்த்த அலுவலகம், துணி எடுக்கும் கடை, மகளிர் சுய உதவிக் குழு, கணக்கு எழுத ஆள் தேடும் சிறு வியாபாரி இவர்களிடம் நேரில் கேளுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் வேலை செய்யும் ஒருவரையாவது பார்த்து, "காசு ஒழுங்கா வருதா?" என்று விசாரியுங்கள்.

ஒரு விதி மறக்க வேண்டாம்: வேலை கொடுப்பவர் உங்களுக்குக் காசு தர வேண்டுமே தவிர, நீங்கள் அவருக்குத் தரக்கூடாது. 'பென்சிலைப் பெட்டியில் அடுக்கினால் மாதம் முப்பதாயிரம்' என்று போனில் விளம்பரம் வரும். பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று கறந்துகொண்டு காணாமல் போவார்கள். டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, "பிழை அதிகம், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்" என்று மிரட்டுவதும் உண்டு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கூலி பேசுவது எப்படி?

எந்த வேலையானாலும் முதலில் மாதிரிக்கு நாலைந்து உருப்படி வாங்கி, கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு பேசுங்கள். ஓர் உதாரணம்: உருப்படிக்கு 8 ரூபாய், ஒரு நாளில் 40 உருப்படி, 320 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. நூல், ஊசி 20 ரூபாய், மின்சாரம் 10, கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ 40 என்று கழித்தால் கையில் 250. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கு 28 ரூபாய்கூட இல்லை! இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "நூலை நீங்களே கொடுங்க, துணியை உங்க ஆளே வந்து எடுத்துக்கிடட்டும்" என்று கேளுங்கள். கூலியை ஏற்றத் தயங்குகிறவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பது உண்டு. செலவு குறைந்தாலும் வருமானம்தானே.

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

1. உருப்படிக்கு அல்லது மணிக்கு எவ்வளவு?
2. பணம் எந்தத் தேதியில்?
3. சரக்கு கெட்டால், கழித்துப் போட்டால் யார் பொறுப்பு?
4. அவசர வேலைக்குக் கூடுதல் எவ்வளவு?
5. எத்தனை மணிக்கு மேல் போன் செய்யக்கூடாது?

பீடி சுற்றுகிறவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். பாஸ் புத்தகம் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். அடுத்தவர் பெயரில் சுற்றினால் பி.எஃப். பணமும் அடுத்தவருக்குத்தான். கொடுக்கிற இலை பத்தாமல் கைக்காசு போட்டு வாங்கினால், அதையும் கூலியில் கழித்துப் பாருங்கள்.

கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 2017-ல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, விடுப்பு முடிந்த பின் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் நிர்வாகமும் தாயும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி வைத்தார்கள். 'பேசி முடிவு செய்து' என்பதுதான் முக்கியம். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

அடக்கக் கூடாதவை பதினான்கு

இனி என் துறைக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சொல்லியிருக்கிறது. அவற்றில் சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் ஐந்தையும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் தினமும் அடக்குகிறார்கள். "இந்த ஒண்ணை முடிச்சிட்டுப் போறேன்" என்பார்கள். உருப்படிக்குக் கூலி என்றாலே எழுந்திருக்க மனம் வராது. எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்புக்கும் மலச்சிக்கலுக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாதிரி வேலையைக் கடிகாரம் வைத்துப் பார்க்கும்போதே, மணிக்குப் பத்து நிமிடம் எழுந்து நடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கூலி கேளுங்கள்.

பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மதியம் நீர்மோர் நல்லது. கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வாசல் மரத்தையோ எதிர்வீட்டு மாடியையோ கொஞ்ச நேரம் பார்த்து, கண்ணை நன்றாகச் சிமிட்டுங்கள். தரையில் உட்காருகிறவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை மாற்றி மாற்றி நீட்டுங்கள். இடுப்புப் பிடிப்புக்கு நொச்சி இலையை நல்லெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். பீடித்தூள் உள்ள முறத்தைக் குழந்தை தூங்கும் அறையில் வைக்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வையுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள்.

இரவில் விரல்கள் மரத்துத் தூக்கம் கலைந்தாலோ, சிறுநீரில் எரிச்சலோடு காய்ச்சலும் ரத்தமும் கண்டாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ கை வைத்தியம் போதாது. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த நோட்டை மறுபடி எடுங்கள். மணிக்கு என்ன கிடைக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வருமானம் ஏறியும் தூக்கம் இறங்கிக்கொண்டே போனால், கூலியை மறுபடி பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.