பல்கலைக்கழகத்தில் பணிப்பாதுகாப்பு: யாரிடம் பேசினால் காரியம் நடக்கும்?

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த மின்னஞ்சல் பழக்கமானதுதான். துறை வேறு கட்டடத்துக்கு மாறப்போகிறது. அல்லது தனி அறைகளை இடித்துவிட்டுப் பொது மேசைகள் போடப்போகிறார்கள். அல்லது ஆய்வுக்கூடத்தை இனி இரவிலும் திறந்து வைக்கப்போகிறார்கள். வரைபடம் தயார், ஒப்பந்தக்காரர் தயார், தேதியும் குறித்தாயிற்று. கடைசி வரியில் மட்டும், உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம் என்று இருக்கும்.

சட்டம் கேட்பது இதை அல்ல. 2011இல் எழுதப்பட்ட மாதிரிப் பணிப்பாதுகாப்புச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து உள்ளிட்ட இடங்களிலும், அடுத்த ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியாவிலும், 2022 மார்ச் 31 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அமலுக்கு வந்தது. அதன் 48ஆம் பிரிவு நான்கு விஷயங்களைக் கட்டாயமாக்குகிறது. தகவலை ஊழியரிடம் முன்கூட்டியே தர வேண்டும். அவர் கருத்தைச் சொல்லவும் முடிவில் பங்கெடுக்கவும் நியாயமான வாய்ப்பு வேண்டும். சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியில் என்ன முடிவானது என்று அவருக்குத் திரும்பச் சொல்லவும் வேண்டும். ஊழியரின் சம்மதம் வாங்க வேண்டும் என்று எங்கும் இல்லை, அதையும் மனதில் வையுங்கள். நிர்வாகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறு முடிவு எடுக்கலாம். கேட்காமல் எடுக்கத்தான் கூடாது.

விக்டோரியா மட்டும் தன் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மெல்பர்ன்காரர்கள் கீழே வரும் நாள்கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற மாநிலங்களும் அங்கங்கே திருத்தம் செய்திருக்கின்றன. நான் சொல்வது மாதிரிச் சட்டத்தின்படி.

இன்னொன்று. ‘ஊழியர்’ என்று இந்தச் சட்டம் சொல்வது நிரந்தரப் பேராசிரியரை மட்டுமல்ல. டுட்டோரியல் எடுக்கும் கேஷுவல், ஏஜென்சி அனுப்பிய ஆய்வக உதவியாளர், வேறு நிறுவனத்தின் சீருடையில் இரவில் வந்து தரை துடைப்பவர், ஒப்பந்த எலக்ட்ரீஷியன், பணி அனுபவத்துக்கு வந்த மாணவர், தன்னார்வலர் எல்லோரும் அதில் அடக்கம். வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கும் மாணவர் அடக்கமில்லை. நம்மவர்கள் பலர் இந்த ஒப்பந்த, கேஷுவல் வரிசையில்தான் இருக்கிறார்கள். தங்களைக் கேட்க வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது என்பது அவர்களில் அநேகருக்குத் தெரியாது.

சரி, எந்த வழியில் பேசுவது? நேரடியாகவா, தேர்ந்தெடுத்த பிரதிநிதி வழியாகவா, குழு வழியாகவா? மூன்றையும் சட்டம் அனுமதிக்கிறது. மூன்றும் ஒன்றல்ல.

நேரடிப் பேச்சு எல்லாவற்றிலும் சுலபம். ஐந்தாறு பேர் உள்ள அலுவலகத்தில், வாராந்தரக் கூட்டத்தில் பாதுகாப்பை முதல் பொருளாக வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நாற்காலி சரியில்லை, படிக்கட்டு விளக்கு எரியவில்லை, பிரின்டர் அறையில் காற்று இல்லை என்பதற்கெல்லாம் குழு கூட்டிக்கொண்டிருப்பது வீண். ஆனால் இந்த வழி ஒரே ஒரு மனிதரின் காதை நம்பி நிற்கிறது, அதாவது உங்கள் மேற்பார்வையாளரின் காதை.

பல்கலைக்கழகத்தில் அந்த மேற்பார்வையாளர் யார்? உங்கள் ஆய்வுக்கு நிதி கொண்டுவருபவர், கட்டுரையில் உங்கள் பெயரை எந்த இடத்தில் போடுவது என்று தீர்மானிப்பவர், விசாவுக்கும் அடுத்த வேலைக்கும் கடிதம் தருபவர். தொழிற்சாலை மேஸ்திரிக்குக்கூட இவ்வளவு பிடி கிடையாது. 2016 மார்ச் 16 அன்று ஹவாய் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தொட்டி வெடித்து, வருகைதரு ஆய்வாளர் ஒருவர் ஒரு கையை இழந்தார். அதற்கு முன்பே கருவியைத் தொட்டபோது மின்னதிர்வு பட்டதை அவர் மேலிடத்தில் சொல்லியிருந்தார் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. கவலைப்பட வேண்டாம் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். சொன்னதை எங்காவது பதிவு செய்து, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாருக்காவது கட்டாயம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

அந்தக் கட்டாயத்தை உண்டாக்குபவர்தான் எச்.எஸ்.ஆர். எனப்படும் பாதுகாப்புப் பிரதிநிதி. பல வளாகங்களில் சுருக்கமாக ‘ரெப்’ என்பார்கள். ரெப்பை நிர்வாகம் நியமிக்க முடியாது. அவர் வேலை பார்க்கும் பணிக்குழுவினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டு. எத்தனை இடமோ அத்தனை பேர்தான் நின்றார்கள் என்றால் வாக்கெடுப்பே வேண்டாம். நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் நிற்க ஆள் வருவதில்லை.

ரெப்புக்கு இருக்கும் அதிகாரங்களை வரிசையாகப் பார்த்தால் ஏன் ஆள் வரவேண்டும் என்பது புரியும். தன் குழுவின் பணியிடத்தை அவர் பார்வையிடலாம். பாதுகாப்பு சம்பந்தமான தகவலைக் கேட்டு வாங்கலாம். அரசின் ஆய்வாளர் வரும்போது கூடவே நடக்கலாம். வெளியிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவரை உதவிக்கு அழைக்கலாம். ஐந்து நாள் பயிற்சிக்கு அவருக்கு உரிமை உண்டு, பிறகு ஆண்டுக்கு ஒரு நாள். கட்டணம் நிர்வாகத்தினுடையது, அந்த நாள்களுக்குச் சம்பளமும் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த, அல்லது செய்யாமல் விட்ட எதற்கும் அவர் சொந்தமாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

பயிற்சியை முடித்த ரெப்பிடம் இன்னும் இரண்டு ஆயுதங்கள் வந்து சேரும். ஒன்று, ‘பின்’ என்று அவர்கள் சொல்லும் தற்காலிக மேம்பாட்டு நோட்டீஸ். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் பேச வேண்டும். பேசியும் நடக்காவிட்டால், எந்தச் சட்ட விதி மீறப்படுகிறது, எப்படி மீறப்படுகிறது என்று எழுதி, குறைந்தது நான்கு நாள் அவகாசம் கொடுத்துக் கையெழுத்திட்டுத் தரலாம். நிர்வாகத்துக்கு அது சரியில்லை என்று பட்டால் ஏழு நாளுக்குள் அரசின் ஒழுங்காற்று அமைப்பிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோட்டீஸ் சொன்னபடி செய்தாக வேண்டும். இரண்டாவது, கடுமையான ஆபத்து கண்முன் நிற்கும்போது தன் குழுவினரை வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம். ஆய்வக டெக்னீஷியன் ஒருவர் துணைவேந்தரின் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுக்கிறார் என்பதை நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள்.

ரெப் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அவருடைய அதிகாரம் பொதுவாகத் தன் பணிக்குழுவுக்குள்தான் செல்லும். அதனால் குழுவை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நிர்வாகம் சம்பளப் பட்டியலை எடுத்து, கல்வியாளர்கள் ஒரு குழு, அலுவலர்கள் ஒரு குழு என்று கோடு போட்டுவிடப் பார்க்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆபத்து சம்பளப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. வேதியியல் கட்டடத்தில் ஃபியூம் கப்போர்டின் காற்றிழுப்பு குறைந்தால் அதன் முன்னால் நிற்கும் ஆய்வாளர், பாட்டில் கழுவும் உதவியாளர், இரவில் குப்பை எடுப்பவர் மூவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கட்டடத்தையும் வேலையையும் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆபத்தின் தன்மை, வேலை நேரம், நிரந்தரமா கேஷுவலா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டால், துப்புரவு நிறுவனத்தின் ஆட்களையும் பல்கலைக்கழக ஆட்களையும் ஒரே குழுவில் சேர்க்கவும் முடியும்.

இனி மூன்றாவது வழியான பாதுகாப்புக் குழு. ரெப் ஒருவரோ, ஐந்து ஊழியர்களோ கேட்டால் இரண்டு மாதத்துக்குள் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது நிர்வாகம் நியமிக்காத ஊழியராக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வளாகம் முழுவதற்குமான விதிகளை எழுதுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை: தனியாக இரவில் வேலை செய்வது பற்றிய விதி, களப்பயண வாகனங்கள், வெப்ப அலையின்போது வகுப்புகள் போன்றவை. ஆனால் குழுவால் நோட்டீஸ் கொடுக்க முடியாது, வேலையை நிறுத்த முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் அமைப்பிடம் இன்றைக்குக் கசியும் வாயுவைப் பற்றிப் புகார் செய்து பயனில்லை. கூட்டக் குறிப்பில் ஒரே பொருள் ‘தொடர்கிறது’ என்று நான்கு கூட்டமாக வந்தால், அதை ரெப்பின் கைக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த மூன்றைத் தவிர வேறு சிலவும் உண்டு. இணையத்தில் உள்ள ஆபத்து அறிக்கைப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள், தேதியோடு சான்று கிடைக்கும். கருத்துக்கணிப்பு தகவல் திரட்டப் பயன்படும், அவ்வளவுதான். தொழிற்சங்கம் ரெப்புக்குத் துணை. ரெப்பாக நிற்க சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்த்தால் எது எங்கே பொருந்தும் என்பது தெளிவாகும். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31இல்தான். 1960களிலும் 70களிலும் எழும்பிய வளாகக் கட்டடங்களில் கூரைப் பலகையிலும், குழாய்ச் சுற்றிலும், தரை ஓட்டின் அடியிலும் அது இருக்கக்கூடும். புதிய இணையக் கேபிள் போட ஒப்பந்தக்காரர் வந்து கூரையில் துளை போடத் தொடங்குகிறார். கீழே டுட்டோரியல் நடக்கிறது. வெள்ளைத் தூள் மேசையில் விழுகிறது. இங்கே மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் அறையை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். கடுமையான ஆபத்து என்று நியாயமாக நினைத்தால் வேலையை நிறுத்தும் உரிமை ரெப் இல்லாத இடத்திலும் ஒவ்வொரு ஊழியருக்கும் 84ஆம் பிரிவில் இருக்கிறது. நிறுத்தியதை நிர்வாகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அடுத்து ரெப்பைக் கூப்பிட்டு, கட்டடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். பழைய கட்டடங்களுக்கு அது இருந்தாக வேண்டும், ஊழியரும் ரெப்பும் பார்க்கக் கிடைக்கவும் வேண்டும். துளை போடுமுன் ஒப்பந்தக்காரரும் பல்கலைக்கழகமும் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டும் என்பது 46ஆம் பிரிவு. இனிமேல் எந்தக் கட்டடத்திலும் பதிவேட்டைப் பார்க்காமல் துளையிட அனுமதி தரக்கூடாது என்ற விதியை எழுதுவது குழுவின் வேலை. விளக்குவதற்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் மட்டும் நேரடிக் கூட்டம் போதும்.

மன அழுத்தம், வேலைப்பளு, ஆட்குறைப்பு இதெல்லாம் பணிப்பாதுகாப்பில் வருமா என்று சிலர் கேட்பார்கள். வரும். 2025 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸின் ஒழுங்காற்று அமைப்பு, ஊழியரின் மனநலத்துக்கு ஆபத்து என்ற காரணத்தைக் காட்டி, சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆட்குறைப்புத் திட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. வேலைப்பளு விஷயத்தில் நேரடிப் பேச்சை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பளுவைச் சுமத்துபவரிடமே தனியாகப் போய் முறையிட்டால் அது உங்கள் நேர நிர்வாகத்தின் குறையாக மாறிவிடும். பலர் சேர்ந்து சொல்வதை ரெப் கொண்டுபோனால் அப்படி மாற்ற முடியாது.

இந்த முறைகளின் வேர் பிரிட்டனின் 1972ஆம் ஆண்டு ராபன்ஸ் அறிக்கை. அதை எழுதிய குழுவின் தலைவர் ராபன்ஸ், 1966இல் வேல்ஸின் ஆபர்ஃபான் கிராமப் பள்ளியின் மேல் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தபோது நிலக்கரி வாரியத் தலைவராக இருந்தவர். அந்தக் கழிவு மலையின் ஆபத்து பற்றி உள்ளூர் நகரசபைப் பொறியாளர் 1963இலேயே வாரியத்துக்கு எழுதியிருந்தார். ஹவாயில் போலவே அங்கேயும் சொன்னதால் மட்டும் காரியம் நடக்கவில்லை.

ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ரெப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு குழு, அதற்கும் பிறகு மற்றவை. உங்கள் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையிலோ உள்வலையிலோ ரெப்களின் பட்டியல் இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். உங்கள் பகுதிக்கு யாரும் இல்லையென்றால், தேர்தல் வேண்டும் என்று ஒரே ஒரு ஊழியர் கேட்டாலே போதும். அவர் கேஷுவலாக இருந்தாலும் சரி. கேட்ட 14 நாளுக்குள் பேச்சைத் தொடங்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தினுடையது.