சிமெண்டில் தென்னை நார் நிலைக்குமா?

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பழமொழி. சிமெண்டோடு சேர்ந்த நாருக்கோ அப்பேறு வாய்ப்பதில்லை; சில ஆண்டுகளில் வலுவிழந்து முறியத் தொடங்குகிறது. அது ஏன், அதனைத் தடுக்க இயலுமா என்பனவே நாம் ஈண்டுக் காண முற்படுவன.

இவ்வினா நம் பகுதிக்குத் தொலைவானதன்று. 1960களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முதல் ஆவடி, பூவிருந்தவல்லி வரை எத்தனையோ பட்டறைகளும் எளியோர் வீடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்க் கூரையின் கீழ் இருந்து வந்துள்ளன. கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயும் விளைவிக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதனைத் தடை செய்தது. கல்நாரின் இடத்தில் தென்னை நாரை வைத்தால் என்ன என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோரத்து இளநீர்க் கடைகளின் பின்னே குவியும் மட்டைகளைக் கண்டவர்க்கு நாருக்குப் பஞ்சம் வரும் என்று தோன்றாது. (முற்றிய காயின் நாரே வலியது என்பது வேறு செய்தி.)

இடர் சிமெண்டின் இயல்பிலேயே உள்ளது. நீர் கலந்து சிமெண்டு இறுகுகையில் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் அறிந்த நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. இறுகிய கலவையின் நுண்துளைகளில் தங்கும் நீரின் பி.எச். அளவு 12.5க்கும் மேலே நிற்கும். தூய நீருக்கு அது 7. நாரோ, செல்லுலோசு நுண்ணிழைகளை லிக்னின், ஹெமிசெல்லுலோசு என்னும் பொருள்கள் பசைபோல் பிணைத்த கட்டு. காரம் அப்பசையைச் சிதைக்கக் கட்டு அவிழ்கிறது. நாரின் உட்குழல்களில் சுண்ணாம்பு புகுந்து படியவே, வளைந்து கொடுத்த நார் குச்சிபோல் ஒடியும் தன்மையை அடைகிறது. விரிசலைப் பிடித்து நிறுத்தவே நாரைச் சேர்த்தோம். ஒடியும் நார் எதனைப் பிடிக்கும்? சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹான்ஸ் எரிக் கிராம் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழிவின் போக்கை விரிவாக விளக்கியது.

நனைதலும் காய்தலும் மாறி மாறி வரின் கேடு விரையும். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிச் சித்திரையில் வறளும் நம் கூரைகள் தாங்குவது அதனைத்தான். ஆதலின் 28ஆம் நாள் வலிமையை மட்டும் அளந்து 'நன்று' என்னும் ஆய்வுகளை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. மண்சுவரில் வைக்கோல் நெடுநாள் இருக்கவில்லையா எனக் கேட்போரும் உளர். மண்ணில் இத்துணைக் காரம் இல்லை என்பதே விடை.

நாரின்மேல் காப்புப் பூச்சு இடுவது ஒரு வழி. பூச்சு தேய்ந்தால் காப்பும் போயிற்று. காரத்தையே குறைப்பது மேலான வழி என்பது நம் கருத்து. நிலக்கரிச் சாம்பல், உமிச் சாம்பல், சுட்ட களிமண் பொடி ஆகியவற்றிலுள்ள சிலிக்கா, சுண்ணாம்போடு வினைபுரிந்து அதனைக் கெட்டிப் பொருளாக மாற்றிவிடும். சுண்ணாம்பில் செங்கற்பொடியாகிய சுர்க்கியைக் கலந்த பழைய கொத்தனார்கள் இதனைக் கையால் அறிந்திருந்தனர். அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் நமக்கு அண்மையிலேயே கிடைப்பது. ஆயினும் சிறிதளவு தூவினால் போதாது. பிரேசில் ஆய்வாளர்கள் சிமெண்டில் பாதியை நீக்கிச் சுட்ட களிமண்ணை இட்ட பின்னரே, கற்றாழை நார்ப் பலகைகள் நனைத்து உலர்த்தும் சோதனையில் தம் உறுதியைக் காத்தன.

அந்நாட்டின் சாவோ பாலோ நகரில் இரும்பு உலைக் கசடு கலந்த சாந்தும் தென்னை நாரும் கொண்டு கட்டிய வீடொன்றின் சுவர்களை 12 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தனர். நுண்ணோக்கியில் நார் சிதையாமலே தோன்றிற்று. எனினும் வெளிச்சுவர் நாரில் லிக்னின், உட்சுவர் நாரில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. நம் பகுதியில் இம்முயற்சியைத் தொடங்குவோர் முதலில் உட்தடுப்புகளிலும், அதன் பின்னரே மழை படும் கூரையிலும் இதனை இடுதல் நன்று.