ஏற்றம் தடையில்லை

கேள்வி: 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் வாங்கிய சைக்கிள் சும்மா நிற்கிறது. கடைக்கும் பார்மசிக்கும் காருக்குப் பதில் அதில் போகலாமா? ஏற்றம்தான் பயமாக இருக்கிறது. – வாசகர், ரம்புக்கனை

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து கடுகண்ணாவைக்கு ரயிலே 44 அடிக்கு ஓரடி என்றுதான் ஏறுகிறது. நீங்களும் மெதுவாக ஏறலாம். சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்குக் கூடுதல் பற்கள் உள்ள ஃபிரீவீல் போடச் சொல்லுங்கள். சங்கிலியும் கொஞ்சம் நீள வேண்டும். வேகம் குறையும், மிதிப்பது லேசாகும். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், வெட்கம் எதற்கு? அரிசி, தேங்காயைப் பின் கெரியரில் கட்டுங்கள்.

கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். முன்கூட்டியே முன், பின் பிரேக் இரண்டையும் மெல்ல அழுத்துங்கள். தேய்ந்த பிரேக் கட்டைகளை இன்றே மாற்றுங்கள். 12.5 கிலோ கேஸ் சிலிண்டருக்கு மட்டும் ஓட்டோ பிடியுங்கள்.