நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாடி சின்னது, பை பெரிசு

"அண்ணே, ஒரு கேமரா வாங்கணும். சின்னதா இருக்கணும், லென்ஸ் மாத்துற மாதிரி வேணும், போட்டோவும் நல்லா வரணும், வீடியோவும் நல்லா வரணும். எது வாங்கட்டும்?"

மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, இல்லையென்றால் யூடியூப் சேனல் பிறக்கப்போகிறது. நான் வாய் திறப்பதற்குள் அவர்களே பட்டியலை வாசித்துவிடுவார்கள்: எத்தனை மெகாபிக்ஸல், ஃபுல் ஃப்ரேமா, 4கே 60 வருமா, பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் உண்டா? எல்லாமே பாடியைப் பற்றிய விசாரணை. மாப்பிள்ளையின் சட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் கொடுக்கிற கதை. எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதை முதல் கேள்வியாகக் கேட்டவர்கள் என் நினைவில் இரண்டே பேர்.

நம்பிக்கை: பாடி சின்னதாக இருந்தால் கேமரா சின்னது

பாதி உண்மைதான். மிச்சப் பாதியில்தான் தோள்பட்டை வலிக்கிறது.

பழைய டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அது ஆடுவதற்கு இடம் வேண்டுமே என்று, லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் நடுவே கேனனில் 44 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்கு அதுதான் தொடக்கம். சோனியின் இ மவுன்ட்டில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்தான். பாடி ஒல்லியானது இப்படி. லென்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. சென்ஸாரின் பரப்பு முழுவதையும் அது வெளிச்சத்தால் நிரப்பியாக வேண்டும். சென்ஸார் பெரிதானால் லென்ஸின் கண்ணாடிகளும் பெரிதாகும்.

கணக்கில் பார்ப்போம். சோனி ஏ7சி ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி. பேட்டரி, கார்டோடு 509 கிராம். கையில் எடுத்தால் "அட, இவ்வளவுதானா" என்றிருக்கும். அதில் அதே கம்பெனியின் 24-70 எஃப் 2.8 லென்ஸை, எடை குறைத்து வந்த இரண்டாம் பதிப்பையே மாட்டுங்கள். லென்ஸ் மட்டும் 695 கிராம். மொத்தம் 1,204. மேஜையில் வைத்தால் மூக்கு குத்தி நிற்கும். இன்னொரு பக்கம், ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்ஸார் உள்ள சோனி இசட்வி-இ10 343 கிராம். அதற்கு சிக்மாவின் 18-50 எஃப் 2.8 லென்ஸ் 290 கிராம். மொத்தம் 633. ஏறக்குறைய அதே கோணம், அதே எஃப் எண், எடை மட்டும் பாதி. பழனி படியேறி இறங்கியவர்களுக்கு இந்த 571 கிராமின் அருமை தெரியும்.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் சென்ஸார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். ஒலிம்பஸின் 45 எஃப் 1.8 லென்ஸ் 116 கிராம், ஒரு குளியல் சோப்பின் எடை. முகப்படம் எடுக்க அருமையான லென்ஸ். நம் ஊரில் இதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. 'சின்ன சென்ஸார்' என்றதும் முகம் சுளிக்கிறார்கள்.

நம்பிக்கை: ஃபுல் ஃப்ரேம்தான் கேமரா, மற்றதெல்லாம் பொம்மை

ஃபுல் ஃப்ரேம் சென்ஸார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சியைவிடப் பரப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு. ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் என்றால் அதில் விழும் மொத்த வெளிச்சமும் அதே 2.4 மடங்கு. இருட்டில் படம் சுத்தமாக வரும். மறுக்கவே இல்லை.

ஆனால் பாடிக்கே பணம் தீர்ந்துபோய், கூட வருகிற கிட் லென்ஸோடு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கிட் லென்ஸை ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப் 5.6க்கு வந்து நிற்கும். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 2.4 மடங்குக்காகச் செலவழித்துவிட்டு 10 மடங்கைக் கோட்டைவிடுகிறோம். ஏபிஎஸ்-சி பாடியில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டியவர், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 5.6 கிட் லென்ஸோடு நிற்பவரைவிட நாலு மடங்கு வெளிச்சத்தில் வேலை செய்கிறார். கிட் லென்ஸ் குப்பை என்று சொல்லவில்லை. பகலில், வெளியூரில், அதைப்போல் வசதி வேறில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அதன் குட்டு வெளிப்படும்.

அந்தப் 'பொம்மை'யில் சினிமாவே எடுத்திருக்கிறார்கள். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012இல் வந்தது. விஜய் மில்டன் அதைப் படமாக்கியது கேனன் 7டி என்ற ஸ்டில் கேமராவில். ஏபிஎஸ்-சி சென்ஸார், வீடியோவில் 4கே கிடையாது, ஃபுல் எச்டிதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

மங்கலான மண்டபத்தில் ராத்திரி ரிசப்ஷன் எடுத்துப் பிழைப்பவர் ஃபுல் ஃப்ரேம் வாங்கட்டும், போட்ட காசு திரும்பி வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளை எடுக்கிறவர் அந்தப் பணத்தை இரண்டு லென்ஸாக்கலாம்.

நம்பிக்கை: மெகாபிக்ஸல் கூடினால் படம் கூர்மை

கல்யாண ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கம் ஒன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 19.4 மெகாபிக்ஸல் போதும். இன்றைக்கு விற்கிற ஏபிஎஸ்-சி கேமராக்களில் பெரும்பாலானவை 24 மெகாபிக்ஸலுக்குக் குறையாதவை. வீடியோவுக்கு அதுவும் தேவையில்லை. 4கே ஃப்ரேம் ஒன்று 8.3 மெகாபிக்ஸல்தான். 2023இல் வந்த 'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தை எடுத்த சோனி எஃப்எக்ஸ்3இல் இருப்பது சுமார் 12 மெகாபிக்ஸல். இதற்கு மேல் இதைப் பேச ஒன்றுமில்லை.

நம்பிக்கை: பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால் போதும்

கேனன் இஓஎஸ் எம்50, 2018இல் வந்தது. செகண்ட் ஹாண்டில் இன்றும் கைமாறுகிறது. பெட்டியில் 4கே என்று இருக்கும். ஆனால் 4கேயில் வைத்த மறுநொடி சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். அறை முழுவதையும் காட்டிக்கொண்டிருந்த லென்ஸ், இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவரை மட்டும் காட்டும். ஃபுல் எச்டியில் சிறப்பாக வேலை செய்யும் அதன் டூயல் பிக்ஸல் ஆட்டோஃபோகஸ் 4கேயில் வேலை செய்யாது. பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. எழுதாமல் விட்டதுதான் விஷயம். ஆகவே எந்த மாடலானாலும் மூன்று கேள்வி: 4கேயில் ஓரம் வெட்டுப்படுமா? ஆட்டோஃபோகஸ் முழுசாக வேலை செய்யுமா? சூடேறி நிற்காமல் எத்தனை நிமிடம் ஓடும்? கடைசிக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். விசிறி இல்லாத சின்னப் பாடிக்குள் சூடு வெளியேற வழி குறைவு, நம் சித்திரை வெயிலுக்கு அறிமுகமே தேவையில்லை.

அடுத்தது, '4கே 60 வருமா' என்று கேட்கிறார்களே, அந்த 60. இதில் நானே பட்டிருக்கிறேன்.

அக்கா மகளுக்கு வளைகாப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் புதுக் கேமராவை என் கையில் கொடுத்து, "நீங்கதான் வீடியோ எடுக்கணும்" என்றார். மண்டபத்தில் மேடையைச் சுற்றி எல்இடி பட்டி விளக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம், ஷட்டர் 125இல் ஒன்று, எல்லாம் ஜோராக ஓடியது. ராத்திரி டிவியில் போட்டுப் பார்த்தால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடுக்கிய கண்ணாடி வளையல்களின் மேல் கருப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அக்கா "என்னடா இது, கொசுவலைக்குள்ளேருந்து எடுத்தியா?" என்றாள். கேமராவின் மூணு அங்குலத் திரையில் அது என் கண்ணில் படவே இல்லை.

கேமராமேல் குற்றமில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டர் நொடியில் 50இல் ஒன்று என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 100இல் ஒன்று என்றால் ஒரு துடிப்பு. எல்லா ஃப்ரேமும் ஒரே வெளிச்சம். 60இல் ஒன்று, 125இல் ஒன்று என்று வைத்தால் கணக்கு இடிக்கும், பட்டை ஓடும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவர்கள் கேமரா என்டிஎஸ்சி முறையில், அதற்கேற்ற 30, 60 ஃப்ரேமோடு வருகிறது. இங்கே மெனுவில் பால் (PAL) என்று மாற்றிக்கொண்டால் 25, 50 கிடைக்கும். ஷட்டரையும் 50இல் ஒன்றிலோ 100இல் ஒன்றிலோ நிறுத்திவிட வேண்டும். சில மாடல்களில் இதை மாற்றினால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். காலியான கார்டு இருக்கும்போதே, விசேஷத்துக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஆடாது

நம் கை நடுங்குவதை அது தாங்கும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம்தான். நடந்துகொண்டே எடுத்தால் காலடி வைக்கும்போதெல்லாம் வரும் குலுங்கலும் முழுசாகப் போகாது. பாடிக்குள் இந்த வசதி இல்லாத மாடல்கள் மென்பொருளால் சமாளிக்கின்றன. அது படத்தின் ஓரங்களை வெட்டித்தான் வேலை செய்யும். கையை நீட்டித் தன்னையே எடுப்பவருக்கு முகம் திரை முழுக்க அடைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

பாடி வாங்குகிற அன்றைக்கே நீங்கள் ஒரு மவுன்ட்டுக்கு வாக்கப்பட்டுவிடுகிறீர்கள். அந்தக் குடும்பம் நாளைக்கும் இருக்குமா என்று பார்க்க வேண்டாமா? நிகான் 1 என்று அழகான குட்டிக் கேமரா வரிசை 2011இல் வந்தது, 2018இல் நிறுத்தினார்கள். சாம்சங்கின் என்எக்ஸ் வந்தது, போனது. மேலே சொன்ன எம்50 சேர்ந்த கேனன் இஓஎஸ் எம் வரிசை 2012இல் தொடங்கி 2023இல் முடிந்தது. அதற்காக வாங்கிய இஎஃப்-எம் லென்ஸ்களைக் கேனனின் இப்போதைய ஆர்எஃப் பாடிகளில் அடாப்டர் போட்டுக்கூட மாட்ட முடியாது. விந்தை என்னவென்றால், அதைவிடப் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை மாட்டலாம். அந்த 44 மில்லிமீட்டர் இடைவெளி நினைவிருக்கிறதா? நீளமான இடைவெளிக்குச் செய்த லென்ஸ் என்றால் நடுவில் ஒரு வளையத்தைச் செருக இடமிருக்கிறது. ஆர்எஃப்பின் இடைவெளி 20, இஎஃப்-எம்முடையது 18. வளையத்துக்கு இடமே இல்லை.

அப்பா வைத்திருந்த டிஎஸ்எல்ஆர் லென்ஸ் பீரோவில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கும் இதே காரணம்தான்.

இப்போதைக்கு மற்ற கம்பெனிகளின் லென்ஸ் அதிகம் கிடைப்பது சோனி இ மவுன்ட்டுக்கு. 2011லேயே அதன் அடிப்படை விவரங்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கேனன் ஆர்எஃப்புக்கு சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி லென்ஸ் அறிவித்தது 2024இல்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பானசோனிக் பாடியில் ஒலிம்பஸ் லென்ஸை அப்படியே மாட்டலாம். என்னைக் கேட்டால், முதலில் எந்த இரண்டு லென்ஸ் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, விலையைக் கூட்டி, மிச்சப் பணத்துக்குப் பாடி தேடுவேன்.

நம்பிக்கை: கார்டில் 170 என்று இருந்தால் வேகமான கார்டு

அந்தப் பெரிய எண் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். 100 மெகாபிட்டில் ஓடும் 4கேக்கு 12.5 எம்பி போதும், தாராளம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்றுவிடும்.

இன்னொன்று, யாருமே கேட்காதது: மைக் செருக ஓட்டை இருக்கிறதா? படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லையென்றால் பத்து நொடியில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

இந்த வாரம் கடைக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு மெமரி கார்டு எடுத்துப் போங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் லென்ஸையே மாட்டச் சொல்லி, கழுத்தில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். கடைக்குள்ளேயே நாலு படம், அந்த எல்இடி வெளிச்சத்தில் இரண்டு நிமிட வீடியோ. பில் போடச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, டிவியில் போட்டு, வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கேமரா நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.